தோளில் ஏறிய பீரங்கி

1871இல் ஃபிரெடெரிக் கோர்ட்னி செலூஸ் என்ற பத்தொன்பது வயது ஆங்கிலேய இளைஞர் தென்னாப்பிரிக்காவில் கப்பலிறங்கினார். யானை வேட்டையாடி, தந்தம் விற்றுப் பிழைப்பதுதான் திட்டம். கொண்டுவந்த நல்ல ரைபிள் உள்நாட்டுக்குப் போகும் வழியிலேயே களவு போனது. கையில் மிச்சமிருந்த காசுக்குக் கிடைத்தவை, பர்மிங்காமில் ஹாலிஸ் பட்டறையில் செய்த இரண்டு மலிவான வாத்துத் துப்பாக்கிகள். உட்புறம் புரி வெட்டாத வழவழப்பான குழல். மருந்தையும் குண்டையும் முன்வாய் வழியாகக் கெட்டிக்க வேண்டும். ஆனால் வாய் பெரிது. கால் பவுண்டு ஈயக்குண்டு, அதாவது 113 கிராம், அதற்குள் கச்சிதமாக இறங்கும்.

1872 முதல் 1874 வரை மூன்று வேட்டைப் பருவங்களில் இந்த இரண்டையும் வைத்து 78 யானைகளைச் சுட்டார் செலூஸ். இடுப்பில் கட்டிய தோல் பைக்குள் கைவிட்டு, அளவு பார்க்காமல் அள்ளிய மருந்தைக் குழலில் போடுவாராம். ஒரு நாள் யானைக்கு எதிரில் நின்று விசையை இழுத்தபோது, மருந்தைப் பற்றவைக்கும் சிறு வெடிமூடியான கேப் மட்டும் வெடித்து, குழல் மருந்து பற்றவில்லை. துப்பாக்கி தூக்கும் ஆள் அதைக் கவனிக்காமல், உள்ளே இருந்த மருந்துக்கும் குண்டுக்கும் மேலேயே இன்னொரு தடவை கெட்டித்துக் கொடுத்துவிட்டார். அடுத்த முறை விசையை இழுத்ததும் செலூஸ் ஒரு பக்கம் போய் விழுந்தார், துப்பாக்கி ஒரு பக்கம். கன்னத்தில் விழுந்த வெட்டு கடைசிவரை வடுவாக நின்றது. இந்தத் துப்பாக்கிகளைத் தொட்டிருக்கவே கூடாது, என் நரம்பையே கெடுத்துவிட்டன என்ற பொருளில் பின்னாளில் எழுதினார்.

யானையைச் சாய்த்த இந்தச் சாமான் யானைக்காகப் பிறந்ததல்ல என்பதுதான் இதில் வேடிக்கை. இங்கிலாந்தின் கடலோரச் சேற்றில் வாத்து சுட்டு விற்கும் ஏழைகளுக்காகச் செய்தது அது. பெரிய வாய்த் துப்பாக்கிகளின் கதையை நினைக்கும்போதெல்லாம் இதை மறக்கக் கூடாது என்பது என் எண்ணம். இன்று ஏலக்கூடங்களில் பச்சைத் துணி விரித்த மேசையில் கிடக்கும் 8 போரும் 4 போரும் ராஜா வீட்டுப் பொருள்கள்போலத் தெரியும். பெரும்பாலானவை வேலைக்காரனின் கருவிகள்.

போர் எண்ணைப் புதியவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் உரிமம் வைத்திருப்பவர்கள் சொல்லும் '12 போர்' என்பது அளவுகோலால் அளந்த எண்ணல்ல. ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமாகப் பங்கிட்டு உருண்டை பிடித்தால், குழலுக்குச் சரியாகப் பொருந்துபவை எத்தனை உருண்டைகள் என்ற கணக்கு. பன்னிரண்டு உருண்டை என்றால் 12 போர். குழலின் உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். எண் சிறுத்தால் வாய் பெருக்கும். 10 போர் 19.7, 8 போர் 21.2, 4 போர் கணக்குப்படி 26.7 மில்லிமீட்டர். இவற்றுக்கும் மேலே 2 போர், ஒன்றரை அங்குலம் என்று போனால் அதைத் தோளில் வைப்பது அபூர்வம், பெரும்பாலும் படகில்தான் கட்ட வேண்டும். சேகரிப்பாளர்கள் 'பெரிய வாய்' என்று சொல்வது 10 போரிலிருந்து தொடங்குகிறது. ஆசை உண்மையாகப் பற்றுவது எட்டிலும் நான்கிலும்தான்.

வாத்துக்கு எதற்கு இவ்வளவு பெரிய வாய்? கௌதாரியும் முயலும் காலடியிலிருந்து எழும்பும். இருபது முப்பது கஜத்தில் சுட்டுவிடலாம். கழிமுகத்து நீர்ப்பறவை அப்படியல்ல. மறைவே இல்லாத வெட்டவெளிச் சேற்றில் நூற்றுக்கணக்கில் கூடி உட்காரும். மனிதத் தலை தெரிந்தால் கூட்டமே எழுந்துவிடும். அறுபது, எழுபது கஜத்துக்கு அப்பாலிருந்து சுட்டாக வேண்டும். அவ்வளவு தூரத்துக்குச் சின்ன ரவை போய்ச் சேர்ந்தாலும் தைக்காது. பெரிய ரவை தைக்கும், ஆனால் ஒரு அவுன்சில் எண்ணிக்கை குறைந்துவிடும். கூட்டத்தில் ஓட்டை விழும், பறவை அதற்குள் தப்பிவிடும். கரிமருந்தைக் கூடக் கெட்டித்தாலும் வேகம் பெரிதாக ஏறாது, ரவைதான் சிதறும். ஆகவே ஒரே வழி, ரவையின் மொத்த எடையைக் கூட்டுவது. 12 போரில் சுமார் 32 கிராம் ரவை போட்டார்கள். 8 போரில் 57 முதல் 70 கிராம். 4 போரில் 85 கிராமும் அதற்கு மேலும். அவ்வளவு ரவையை ஒடுக்கமான குழலில் நீளவாக்கில் அடைத்தால் அது வால் நீண்டு போய்ச் சேரும். அகலமான குழலில் அடைத்தால் திரளாகப் போகும். இதற்கேற்பக் குழலின் நீளம் 36, 40 அங்குலம் என்று வளர்ந்தது, எடையும் ஏறியது. சாதாரண இரட்டைக் குழல் 12 போர் மூன்று கிலோ என்றால், இரட்டைக் குழல் 8 போர் ஐந்து, ஆறு கிலோ. ஒற்றைக் குழல் 4 போர் அதற்கும் மேல்.

துப்பாக்கி வரலாற்றின் ஒரு பெரிய திருப்பமே வாத்தினால் வந்ததுதான். ஸ்காட்லாந்தில் பெல்ஹெல்வி என்ற ஊரின் பாதிரியார் அலெக்சாண்டர் ஜான் ஃபோர்சித் நீர்ப்பறவை வேட்டைப் பித்தர். அப்போது புழங்கியது சக்கிமுக்கிக் கல் துப்பாக்கி. கல் உரசி, பொறி பறந்து, கிண்ணத்து மருந்து பற்றி, அதன்பிறகே குழல் மருந்து வெடிக்கும். கிண்ணத்துத் தீயைக் கண்ட பறவை ரவை வருவதற்குள் நீரில் முங்கிவிடும் அல்லது எழும்பிவிடும். இந்தக் கண நேரத் தாமதத்தை ஒழிக்க, அடித்தவுடன் வெடிக்கும் ரசாயனத்தை வைத்து ஒரு பூட்டு செய்து 1807இல் காப்புரிமை வாங்கினார். செலூஸின் துப்பாக்கியில் இருந்த கேப் அந்த யோசனையின் பேரப்பிள்ளை. உலகத்துப் படைகள் அத்தனையும் பின்னால் இதைத்தான் எடுத்துக்கொண்டன.

வாத்து வேட்டையைப் புத்தகமாக்கியவர் கர்னல் பீட்டர் ஹாக்கர். 1809இல் ஸ்பெயினில் டலவேரா போரில் தொடையில் குண்டு பாய்ந்து படையிலிருந்து விலகியவர்; அதன்பிறகு 1853இல் இறக்கும்வரை கடற்கரைச் சேற்றிலேயே கிடந்தார். 1814இல் அவர் எழுதிய இளம் வேட்டைக்காரர்களுக்கான கையேடு பதிப்புக்குமேல் பதிப்பாக வந்தது. படகில் கட்டிச் சுடும் 'பன்ட் கன்' என்ற பெருந்துப்பாக்கியில் அவருக்குத் தனிப் பிரியம். குறுகலான தட்டைப் படகில் குப்புறப் படுத்து, கையால் துழாவி மெல்ல நகர்ந்து, கூட்டத்தை நெருங்கி ஒரே வெடி வைப்பது அந்த வேட்டை. அரை கிலோ ரவை ஒரே சமயத்தில் புறப்படும். உதையைப் படகு வாங்கிக்கொண்டு பின்னால் போகும். ஹாக்கர் தமக்கென இரட்டைக் குழல் பன்ட் கன் ஒன்றைச் செய்வித்தார். எடை சுமார் 87 கிலோ. ஒரு குழலுக்குக் கேப், இன்னொன்றுக்குச் சக்கிமுக்கி. கஞ்சத்தனமோ பழமைப் பற்றோ காரணமல்ல. இரண்டையும் சேர்த்து இழுத்தால் கேப் குழல் முந்தும், கல் குழல் ஒரு இமைப்பொழுது பிந்தும். முதல் வெடி உட்கார்ந்திருக்கும் பறவைக்கு, இரண்டாவது எழும்பும் பறவைக்கு. கல்லின் குறையையே வேலைக்கு வைத்துவிட்டார்.

இந்தத் துப்பாக்கிகளில் பெரும்பகுதி பிறந்தது பர்மிங்காமில். செயின்ட் மேரீஸ் தேவாலயத்தைச் சுற்றியிருந்த துப்பாக்கிப் பேட்டையில் ஒரு துப்பாக்கி ஒரே கூரைக்குள் உருவாகாது. குழல் செய்பவர் ஒருவர், பூட்டு அராவுபவர் ஒருவர், அக்ரூட் மரக் கட்டை செதுக்குபவர் ஒருவர், சித்திரம் வெட்டுபவர் ஒருவர். சாமான் சந்துக்குச் சந்து பையன்கள் கையில் பயணப்பட்டு, கடைசியில் யாரோ ஒருவரின் பெயரைத் தாங்கி வெளியே வரும். டோலி, கிரீனர், பிளாண்ட் போன்ற பெயர்கள் பெரிய போரில் புகழ் பெற்றவை. டோலி சகோதரர்களின் 8 போர், 4 போர் துப்பாக்கிகளை இன்றும் தேடி அலைகிறார்கள்.

குழல் செய்யும் முறைதான் கண்ணைக் கட்டும். இரும்புக் கம்பிகளையும் எஃகுக் கம்பிகளையும் அடுக்கி, காய்ச்சி ஒன்றாக்கி, அந்தச் சட்டத்தைப் பழுக்கக் காய்ச்சி முறுக்குவார்கள். முறுக்கிய சட்டங்கள் இரண்டு மூன்றைச் சேர்த்துப் பட்டையாக அடித்து, அந்தப் பட்டையை முறுக்கு சுற்றுவதுபோல ஒரு கம்பியின்மேல் சுற்றி, விளிம்போடு விளிம்பு ஒட்டச் சம்மட்டியால் அடிப்பார்கள். பிறகு உள்ளே குடைந்து, வெளியே அராவி, அமிலம் பூசித் துருவேற்றினால் இரும்பு ஒரு நிறமும் எஃகு ஒரு நிறமுமாகச் சுருள் சுருளாக எழும். டமாஸ்கஸ் குழல் என்பது இதுதான். பெல்ஜியத்தில் லீஜ் நகரைச் சுற்றிய ஊர்களில் இந்த வேலை இன்னும் நுணுக்கம். பர்மிங்காம்காரர்களே அங்கிருந்து குழல் வரவழைத்தார்கள். அழகுக்காக மட்டும் செய்ததில்லை. நீளமான, அகலமான, அதே சமயம் தோள் தாங்கும் எடையில் ஒரு குழல் வேண்டுமென்றால் அன்றைக்கு நம்பத் தகுந்த வழி இது.

குழல் உருவானதும் விற்க முடியாது. லண்டனிலோ பர்மிங்காமிலோ உள்ள சோதனைச் சாலைக்குப் போக வேண்டும். பர்மிங்காம் சாலை 1813இல் நாடாளுமன்றச் சட்டத்தின்படி ஏற்பட்டது. அங்கே வழக்கத்துக்கு மிஞ்சிய மருந்தைக் கெட்டித்து ஆளில்லாமல் வெடிப்பார்கள். பிளந்தால் குப்பை, பிளக்காவிட்டால் முத்திரை. துப்பாக்கிக்கு இது ஜாதகம். நூறாண்டு கழித்துச் சேகரிப்பாளர் முதலில் தேடுவது இதைத்தான். அதைப் பிறகு பார்ப்போம்.

பர்மிங்காமிலிருந்து பெட்டிகள் உலகமெங்கும் போயின. கல்கத்தாவில் மான்டன் கம்பெனி 1825இலேயே கடை போட்டது. லண்டன் துப்பாக்கித் தொழிலின் பெரிய பெயரான ஜோசஃப் மான்டனின் உறவினர் தொடங்கியது. ரோடா கம்பெனியும் அங்கேதான். சென்னையில் கடிகாரத்துக்குப் பேர்போன பி. ஆர் அண்ட் சன்ஸ் பெயரையும் ஓக்ஸ் கம்பெனி பெயரையும் தாங்கிய துப்பாக்கிகள் உண்டு. குழலின் மேல் யார் பெயர் இருந்தாலும் முத்திரை பெரும்பாலும் பர்மிங்காமைக் காட்டிக்கொடுத்துவிடும்.

நம் பக்கத்தில் வெள்ளைக்காரரின் நீர்ப்பறவை வேட்டைக்கு எதிர்ப்பு வெகு சீக்கிரமே கிளம்பியது. 18ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் வேடந்தாங்கல் ஏரியில் கம்பெனிச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊரார் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் முறையிட்டு, சுடக் கூடாது என்று உத்தரவு வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்கள் கணக்கு. ஹாக்கர் அப்போது சின்னப் பையன்.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் அப்படி முறையிட ஆளில்லை. மேரிலாந்தின் செசபீக் விரிகுடாவில், சஸ்குவஹானா ஆறு கலக்கும் ஆழமற்ற பரப்பில் கேன்வாஸ்பேக் என்ற வாத்து குளிர்காலத்தில் வந்து அடையும். நீருக்கடியில் வளரும் ஒரு புல்லைத் தின்று கொழுத்த அதன் இறைச்சிக்குப் பால்டிமோர், ஃபிலடெல்ஃபியா, நியூயார்க் ஹோட்டல்களில் நல்ல விலை. ரயில் வந்தபிறகு சந்தைக்காரன் சுட்டதெல்லாம் காசு. இரவில் விளக்கைக் கண்ணாடிப் பிரதிபலிப்பானோடு படகின் முன்னால் வைத்து, வெளிச்சத்தில் மயங்கிய கூட்டத்தின்மேல் பெருந்துப்பாக்கியை விடுவார்கள். ஒன்று போதாதென்று ஏழெட்டுக் குழல்களை விசிறியாக வரிசையில் பூட்டிய பேட்டரி துப்பாக்கியும் இருந்தது. உள்ளூர்க் கொல்லரும் படகுக்காரரும் சேர்ந்து ஒப்பேற்றியவை பல. எந்த முத்திரையும் கிடையாது.

1900இல் லேசி சட்டம், சட்டத்தை மீறிச் சுட்ட வேட்டைப் பொருளை மாநிலம் விட்டு மாநிலம் கடத்துவதைத் தடுத்தது. 1918இல் வலசைப் பறவைச் சட்டம் வந்தது. 10 போரைவிடப் பெரிய வாய்த் துப்பாக்கியால் நீர்ப்பறவை சுடக் கூடாது என்ற விதியும் வந்தது. அன்றோடு அமெரிக்காவில் 8 போரின் பிழைப்பு முடிந்தது. பெருந்துப்பாக்கிகள் மட்டும் உடனே ஒழிந்துவிடவில்லை. சதுப்பில் புதைத்தார்கள், புகைபோக்கியில் ஒளித்தார்கள், காவலர் கண்ணில் படாமல் தண்ணீருக்குள் தாழ்த்திக் கட்டினார்கள். மேரிலாந்து மருத்துவர் ஹாரி வால்ஷ் இந்தக் கள்ள வேட்டைக்காரர்களிடம் பேசிப் பேசிச் சேர்த்த விவரங்களை 1971இல் 'தி அவுட்லா கன்னர்' என்ற நூலாக்கினார். செயின்ட் மைக்கேல்ஸ் ஊரில் உள்ள செசபீக் கடல்சார் அருங்காட்சியகத்துக்குப் போனால் இந்தப் பெருந்துப்பாக்கிகளை நேரில் பார்க்கலாம். பக்கத்திலேயே மர வாத்துப் பொம்மைகள் இருக்கும், கூட்டத்தை ஏமாற்றி இறக்குவதற்குச் செதுக்கியவை.

இங்கிலாந்தில் பெரிய வாய்க்குச் சாவு வேறு விதமாக வந்தது, சட்டம் கொல்லவில்லை. 1870களில் குழலின் நுனியைச் சற்றே ஒடுக்கும் 'சோக்' முறை பரவியது. பர்மிங்காம் கிரீனர் அதை ஓங்கிப் பேசி விற்றார். 1875இல் நடந்த பொதுச் சோதனைகளில் நிரூபித்தும் காட்டினார். ரவை சிதறாமல் போனதால் சின்ன வாய்க்கும் தூரம் கிடைத்தது. அடுத்து வந்தது புகையில்லா மருந்து, அதன்பின் நீண்ட தோட்டா. 1930களில் 12 போரே பழைய 8 போரின் வேலையில் பாதியைச் செய்தது, தோளையும் உடைக்கவில்லை. எட்டுக்கும் நான்குக்கும் தோட்டா செய்துவந்த கம்பெனிகள் படிப்படியாகக் கையை விரித்தன. தோட்டா இல்லாத துப்பாக்கி என்ன ஆகும்? பன்ட் கன் மதுக்கடைச் சுவருக்குப் போனது. தோள் துப்பாக்கி பரணுக்குப் போனது.

பரணிலிருந்து அதைக் கீழே இறக்குபவர்தான் சேகரிப்பாளர். இவர்களில் சுடுகிறவர்களும் உண்டு, சுடாதவர்களும் உண்டு. இரு சாராரும் முதலில் செய்வது ஒன்றே. குழலைக் கட்டையிலிருந்து கழற்றிக் கவிழ்த்து வைத்து, பூட்டின்மேல் உட்காரும் அடிப்புறத் தட்டையை உருப்பெருக்கியால் பார்ப்பார்கள். கிரீடத்தின் கீழ் குறுக்கே இரண்டு செங்கோல் என்றால் பர்மிங்காம். 1875 முதல் 1887 வரை நுனி ஒடுங்கிய குழல்களில், உருண்டைக் குண்டு போடாதே என்று எச்சரிக்கும் 'நாட் ஃபார் பால்' என்ற சொற்களைப் பொறித்தார்கள். அதே காலத்தில் '12பி', '14எம்' என்று இரண்டு எண் இருக்கும்: அடிவாயில் 12 அளவு, நுனியில் 14. 1887க்குப் பிறகு சாய்சதுரக் கட்டத்துக்குள் போர் எண் வந்துவிடும். ஆக, விற்பவர் "தாத்தா 1860இல் வாங்கியது" என்று சத்தியம் செய்தாலும், கட்டத்துக்குள் 8 இருந்தால் அந்த முத்திரை 1887க்குப் பிந்தியது.

அடுத்து மேல்பட்டையில் உள்ள முகவரி. கடைக்காரர்கள் தெரு மாறியிருப்பார்கள்; மாறிய ஆண்டு தெரிந்தால் துப்பாக்கியின் வயது தெரியும். லண்டனின் பர்டி கம்பெனி 1826இல் ஆக்ஸ்ஃபோர்டு தெரு 314½க்குப் போனது. 1880களின் தொடக்கத்தில் ஆட்லி தெருவுக்கு மாறியது. பட்டையில் அந்த அரை எண் இருந்தால் இடைப்பட்ட காலம் என்று கொள்ளலாம். பெயரை மட்டும் நம்புவதுதான் ஆபத்து. அமெரிக்காவுக்குப் பெல்ஜியத்திலிருந்து வண்டி வண்டியாக வந்த மலிவுத் துப்பாக்கிகளில் 'டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்' என்று பொறித்திருக்கும். பேர்பெற்ற ஆங்கிலேயக் கம்பெனியான வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் என்று வாங்குபவர் நினைத்துக்கொள்ளட்டும் என்ற கணக்கு. முத்திரை லீஜ் என்று சொல்லிவிடும்.

பிறகு குழலின் அடிக் கொக்கியில் விரலை மாட்டித் தொங்கவிட்டு நகத்தால் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்றால் பற்று சரி. மந்தமாக ஒலித்தால் இரண்டு குழல்களையும் இணைக்கும் பட்டை எங்கோ விட்டிருக்கிறது. உள்ளே வெளிச்சம் காட்டினால் குழிகள் தெரியும். கரிமருந்தின் எச்சம் ஈரத்தை இழுக்கும். வெந்நீர் ஊற்றிக் கழுவி எண்ணெய் போடாமல் ஒரு இரவு விட்டாலே துரு கடிக்கும். உப்புக்காற்றில் உழைத்த வாத்துத் துப்பாக்கியில் குழியில்லாத குழல் அபூர்வம். குழியைக் குடைந்து மெருகேற்றியிருந்தால் இன்னும் ஆபத்து, குழலின் சுவர் மெலிந்திருக்கும். அதனால் கருவி வைத்துச் சுவரின் தடிமனை அளக்காமல் அனுபவசாலி யாரும் காசை எடுக்க மாட்டார். டமாஸ்கஸ் குழலில் புகையில்லா மருந்துத் தோட்டாவைப் போட்டு வெடிப்பவர் தம் இடது கையைப் பந்தயம் வைக்கிறார்.

சந்தையில் விலை ஏறுவது எதற்கு என்று பார்த்தால் எனக்குச் சம்மதமில்லாத ஒன்று உண்டு. உபயோகிக்காத துப்பாக்கிக்குத்தான் அதிக மதிப்பு: சித்திரம் தேயாதது, பூட்டின் நிறம் மங்காதது, பெட்டியும் மருந்தளவியும் துடைப்பானும் சேர்ந்தது. ஒரு பிரபு ஆசைக்கு 8 போர் செய்யச் சொல்லி, இரண்டு முறை சுட்டு, தோள் வலித்து, பெட்டியில் போட்டுவிட்டார், அது பிழைத்தது. கட்டை விரிந்து செப்புக் கம்பி சுற்றியது, விசைக் காப்பு வளைந்தது, பிடியில் உள்ளங்கை அழுந்திப் பளபளப்பேறியது எல்லாம் 'நிலைமை சுமார்' என்ற குறிப்போடு ஓரத்தில் கிடக்கும். இந்தச் சாமான் எதற்காகப் பிறந்ததோ அதைச் செய்தது இரண்டாவதுதான். என் கையில் காசிருந்தால் கம்பி சுற்றியதைத்தான் வாங்குவேன். பழைய கம்பியை அவிழ்த்து, புதுக் கட்டை போட்டு, குழலுக்கு மறுபடி துருவேற்றிப் புதுசாக்கி விற்பவர்கள் அழிப்பது ஒரே ஒரு துப்பாக்கியைத்தான் என்றாலும், மறுபடி கிடைக்காத ஒன்றை அழிக்கிறார்கள்.

சட்டம் செய்யும் விசித்திரத்தையும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் 1890இல் செய்த 12 போர் தோட்டாத் துப்பாக்கி வைத்திருக்கச் சான்றிதழ் வேண்டும். அதே ஆண்டில், அதே பட்டறையில் செய்த 4 போரை அலங்காரப் பொருளாக வைத்துக்கொண்டால் வேண்டியதில்லை. தோட்டா வழக்கொழிந்த அளவுகளின் பட்டியலில் அது இருக்கிறது. சுடுவேன் என்றால்தான் சான்றிதழ். பெரியது சுதந்திரமாகத் திரிகிறது, சின்னது கையெழுத்துப் போடுகிறது. அங்கே பன்ட் கன் வேட்டைகூட முற்றிலும் தடையாகவில்லை. நுனி விட்டம் ஒன்றே முக்கால் அங்குலத்தைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். லிங்கன்ஷயரின் கௌபிட் ஊரில் அரச விழாக்களுக்குப் பன்ட் கன் வெடித்து மரியாதை செய்யும் வழக்கம் 1897இல் விக்டோரியாவின் வைர விழாவிலிருந்து நடக்கிறது. அமெரிக்காவில் 1898 வரை செய்தவை பழம்பொருள்.

பெரிய வாய்தான் பறவையை அழித்தது என்று ஒரே போடாகப் போடுபவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. 1938 நவம்பர் 12 அன்று பரத்பூர் ஏரியில் வைஸ்ராய் லின்லித்கோ பிரபுவுக்காக நடந்த வேட்டையில் 4,273 பறவைகள் விழுந்தன. அங்கேயே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு விருந்தாளிகளில் பெரும்பாலோர் பிடித்திருந்தவை இன்றும் எல்லோரும் கண்ணியமாகக் கருதும் 12 போர்தான். சேற்றில் படுத்துக் கிடந்த பன்ட் கன்காரர் குளிர்காலம் முழுக்கச் சுட்டாலும் அந்த ஒரு நாள் கணக்கை எட்டுவது கடினம். அவரது கருவி மட்டும் கொடியது என்று பெயரெடுத்தது.

நம் ஊரில் பழைய வீடுகளில் இப்படி ஒன்று அகப்பட்டால் இரண்டு காரியங்கள் செய்ய வேண்டும். உரிமம் வைத்திருந்தவர் காலமாகிவிட்டால் துப்பாக்கியைத் தாமதமில்லாமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். பழைய மாதிரியாகவோ தொல்பொருள் மதிப்புள்ளதாகவோ இருந்து, பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் உள்ளவற்றுக்கு 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்கு தருகிறது. ஆனால் அந்த நிலையில் இருக்கிறதா என்று தீர்மானிப்பது நீங்களும் நானும் அல்ல. இரண்டாவது, உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்த்தால் முத்திரை போய்விடும். முத்திரை போனால் அது வெறும் இரும்புக் குழாய்.

8 போர் முழுக்கப் பெட்டிக்குள் போய்விட்டது என்றும் எண்ண வேண்டாம். சிமென்ட் ஆலையின் சுழலும் சூளைக்குள் உருகிய கல் வளையமாக ஒட்டிக்கொண்டு வழியை அடைக்கும். சூளையை ஆறவைத்து ஆளை இறக்கினால் நாட்கணக்கில் வேலை கெடும். அதனால் தாங்கியில் பூட்டிய 8 போர் துப்பாக்கியைச் சூளை வாயில் நிறுத்தி, கொதிக்கும்போதே மூன்று அவுன்சு ஈயக்குண்டால் அந்த வளையத்தைச் சுட்டுத் தள்ளுகிறார்கள். வின்செஸ்டரும் ரெமிங்டனும் அதற்கென்றே துப்பாக்கியும் தோட்டாவும் செய்து விற்றிருக்கின்றன. வாத்தைச் சுட அமெரிக்கச் சட்டம் 8 போரை விடாது. சிமென்ட் சூளையைச் சுட விடும்.